ஆயாவும் ஆத்தாவும் ஆச்சியும்: பேச்சுத் தமிழ் கேள்வி – பதில்

என் மகன் ‘வாளப்பளம்’ என்கிறான். வகுப்பில் மற்ற பிள்ளைகள் சிரிக்கிறார்கள். என் கணவரின் ஊரான வேலூர்ப் பக்கத்திலோ ‘வாயப்பயம்’. எதைத் திருத்துவது?
– வாசகி, தாம்பரம் (பிறந்த ஊர் தென்காசி)

வாசிக்கும்போதும் மேடை ஏறும்போதும் ‘ழ’ வரவேண்டும். அதைச் சொல்லிக் கொடுங்கள். வீட்டில் பாட்டியிடம் பேசும் ‘வாளப்பள’த்தைத் திருத்த வேண்டாம். இரண்டையும் தனித்தனியே வைத்துக்கொள்ள எட்டு வயதுப் பிள்ளைக்கு நன்றாகவே முடியும்.

தென்மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் ழ, ள ஆகிறது. சென்னையிலும் வடமாவட்டங்களிலும் பலர் பேச்சில் அது ய. சென்னையில் தகரத்துக்கு முன்னால் வந்தால் ஸ் கூட ஆகும்: இழுத்து, ‘இஸ்து’. சோம்பலால் வந்த பிழை என்றால் ஒருவர் வாயிலேயே நாளுக்கொரு மாதிரி வரும். இது அப்படி இல்லை. ஊருக்கு ஊர் வேறுபட்டாலும் ஒரே ஊருக்குள் ஒழுங்காக வருகிறது. நம் அண்டை மொழிகளும் இதே வழியில் போனவைதான். தமிழும் மலையாளமும் ‘கோழி’யை வைத்திருக்க, கன்னடத்தில் அது ‘கோளி’, தெலுங்கில் ‘கோடி’. பழைய கன்னடத்தில் ழகரத்துக்குத் தனி எழுத்தே இருந்து வழக்கொழிந்தது. கன்னடர் தங்கள் ‘கோளி’யைப் பிழை என்று நினைப்பதில்லை. நம் எழுத்துத் தமிழே ஓரிடத்தில் ழகரத்தைத் தொலைத்திருக்கிறது: பொழுது, போது. ‘அப்போது’ என்று எழுதும் யாரும் அதற்காக வெட்கப்படுவதில்லையே!

பயிற்சி எளிது. ‘ஆ’ என்று நீட்டிக்கொண்டே நாக்கு நுனியை மேலண்ணத்தை நோக்கிப் பின்னால் மடக்கச் சொல்லுங்கள். நுனி அண்ணத்தைத் தொட்டால் ள. நுனி மடங்காமல் நடுநாக்கு எழும்பினால் ய. எங்கும் தொடாமல் காற்று நடுவில் போனால் ழ. முதலில் ஆழ், வாழ், ஊழ் என்று ஒலி கடைசியில் வரும் சொற்கள், அவை படிந்தபின் வாழை, கோழி, கடைசியாக வாழைப்பழம். ‘வாழைப்பழம்’ என்பதில் தொடங்குவதுதான் எல்லாரும் செய்யும் தவறு. இரண்டு ழகரம் அடுத்தடுத்து வருவதால் அதுதான் இருப்பதிலேயே கடினம்.

கேலியைப் பற்றி. ஒலிக்கு மதிப்பு ஒலியிலிருந்து வருவதில்லை. வில்லியம் லபோவ் என்ற மொழியியலாளர் 1962-இல் நியூயார்க்கின் மூன்று பல்பொருள் கடைகளுக்குப் போனார்: பணக்காரர் கடை, நடுத்தரக் கடை, மலிவுக் கடை. நான்காம் மாடியில் இருக்கும் ஒரு பொருளை விசாரிப்பார். விற்பனையாளர் ‘ஃபோர்த் ஃப்ளோர்’ என்பார். காது கேட்காதவர்போல் மறுபடி கேட்டுக் கவனமாகச் சொல்ல வைப்பார். ஆளுக்கு நான்கு முறை ‘ர்’ வர வாய்ப்பு. மொத்தம் 264 பேர். சிலமுறையாவது ர் உச்சரித்தவர்கள் முதல் கடையில் 62 விழுக்காடு, இரண்டாவதில் 51. மலிவுக் கடையில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர். நியூயார்க்கில் ர் சொல்வது மேல்தட்டு அடையாளம். அட்லாண்டிக்கைத் தாண்டி இங்கிலாந்துக்குப் போனால், அந்த இடத்தில் ர் சொல்லாததுதான் மேல்தட்டு அடையாளம்! ஒரே ஒலி, இரு கரையில் இரு விலை. உங்கள் மகன் வகுப்பில் நடப்பதும் இந்தக் கணக்குதான்.


‘அவ வந்தா’ என்று வாட்ஸ்அப்பில் வந்தால் அவனா அவளா என்று தெரியவில்லை. நேரில் பேசும்போது மட்டும் குழப்பம் வருவதில்லையே, ஏன்?
– வாசகர், ஓசூர்

நேரில் உங்கள் காது மூக்கொலியைப் பிடிக்கிறது. தமிழ்நாட்டுப் பேச்சில் சொல்லின் கடைசியில் வரும் ன், ம் இரண்டும் தனியாக ஒலிக்காமல் முன்னால் உள்ள உயிரை மூக்கால் ஒலிக்க வைக்கின்றன. ‘வந்தான்’ என்பதில் ஆகாரம் மூக்கில் ஒலிக்கும். ‘வந்தாள்’ என்பதில் ளகரம் சுத்தமாகப் போய்விடும், ஆகாரம் வாயிலேயே நிற்கும். அவன், அவள் இரண்டிலும் கூட இதே வேறுபாடு. நம் எழுத்தில் மூக்கொலிக்குக் குறி இல்லை. அதனால் ‘வந்தா’ என்று எழுதினால் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன.

ன், ள் செத்துப்போய்விடவில்லை, ஒளிந்திருக்கின்றன. கேள்வியாக்கிப் பாருங்கள்: வந்தானா? வந்தாளா? பின்னால் ஓர் உயிர் வந்ததும் இரண்டும் வெளியே வந்துவிடும். ஆகவே எழுதும்போது ஆணுக்கு ‘வந்தான்’ என்று முழுதாகவும், பெண்ணுக்கு ‘வந்தா’ என்றும் எழுதுங்கள். சிறுகதை எழுதுபவர்களில் பலர் இப்படித்தான் செய்கிறார்கள், வாசிப்பவரும் தடுமாறுவதில்லை. யாழ்ப்பாணத்தாருக்கு இந்தத் தொல்லை கிடையாது. அவர்கள் ன், ள் இரண்டையும் பேச்சிலும் ஒலிக்கிறார்கள்.


பேச்சுத் தமிழுக்கு இலக்கணம் இல்லை என்று மாணவர்களிடம் சொல்லி வருகிறேன். சரிதானே?
– தமிழாசிரியர், நாமக்கல்

சரியில்லை ஐயா. ஒரு சோதனை செய்து பாருங்கள். இலை ‘எலை’ ஆகிறது, குடம் ‘கொடம்’, முகம் ‘மொகம்’, விலை ‘வெலை’. ஆனால் புலி ‘பொலி’ ஆவதில்லை, குடி ‘கொடி’ ஆவதில்லை, குட்டை ‘கொட்டை’ ஆவதில்லை. விதி இதுதான்: முதல் அசையில் குறில் இகரமோ உகரமோ இருந்து, அடுத்து ஒற்றை மெய்யும் அகரமோ ஐகாரமோ வந்தால் மட்டும் இ, எ ஆகும், உ, ஒ ஆகும். இரட்டை மெய் வந்தால் ஆகாது; அடுத்த உயிர் இ, உ என்றால் ஆகாது. இந்த விதியை யாரும் யாருக்கும் சொல்லிக் கொடுத்ததில்லை. மூன்று வயதுக் குழந்தை பிழையின்றிப் பின்பற்றுகிறது.

இன்னொன்று: அடித்தான் ‘அடிச்சான்’ ஆகிறது, ஆனால் படுத்தான் ‘படுச்சான்’ ஆவதில்லை. இகரம், ஐகாரம், யகர மெய் ஆகியவற்றின் பின்னால் வரும் ‘த்த’ மட்டுமே ‘ச்ச’ ஆகும். ‘நினைத்தேன்’ இரண்டு விதிக்கும் இடம் கொடுத்து ‘நெனச்சேன்’ என்று முடிகிறது.

சில இடங்களில் விதி வேலை செய்து இரண்டு சொல் ஒன்றாகிவிடும். குடை பேச்சில் ‘கொடை’. நெல்லைச் சீமையில் கொடை என்றால் கோயில் திருவிழா. ‘கொடைக்குக் கொடை எடுத்துட்டுப் போ’ என்று ஒருவர் சொன்னாலும் கேட்பவர் மழையைப் பார்த்துப் புரிந்துகொள்வார்.

வகுப்பில் இதைப் பாடமாகவே வைக்கலாம். பலகையில் இருபது சொல் எழுதி, பேச்சு வடிவத்தை மாணவர்களையே சொல்ல வைத்து, விதியை அவர்களே கண்டுபிடிக்கட்டும். ஒரு பாடவேளை போதும்.


காரைக்குடிப் பெண்ணை ஈரோட்டில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். ‘ஆத்தா எங்கே’ என்று அவள் கேட்டால் மாமியாரை விட்டுவிட்டுக் கணவரின் பாட்டி வந்து நிற்கிறார். உறவுப் பெயர்ப் பட்டியல் ஒன்று தர முடியுமா?
– வாசகர், காரைக்குடி

பட்டியலைவிட, பட்டியல் போடும் முறையைத் தருகிறோம். ஏனென்றால் ஒரே மாவட்டத்தில்கூட குடும்பத்துக்குக் குடும்பம் மாறும்.

உங்கள் பக்கத்து நகரத்தார் வீடுகளில் ஆத்தா அம்மா, அப்பச்சி அப்பா, ஐயா தாத்தா, ஆயா அம்மாவைப் பெற்றவர், அப்பத்தா அப்பாவைப் பெற்றவர். ஆச்சி அக்காவுக்கும், மணமான பெண்களை மரியாதையாக அழைப்பதற்கும். கொங்குப் பக்கம் பல குடும்பங்களில் ஆத்தா என்றால் அப்பாவின் அம்மா, அப்பாரு அவர் கணவர். அம்மாவின் அப்பா அப்புச்சி, அம்மாவின் அம்மா அம்மாயி. அப்பச்சியும் அப்புச்சியும் காதில் ஒட்டிப்போகும். ஒருவர் அப்பா, மற்றவர் தாத்தா. நெல்லைக்குப் போனால் ஆச்சி என்பவர் பாட்டி. சென்னையில் ஆயா என்றதும் பள்ளிக்கூடத்துப் பணிப்பெண்தான் நினைவுக்கு வருவார். குழந்தை வளர்ப்புப் பெண்ணைக் குறிக்கும் அந்தச் சொல் போர்த்துக்கீசியத்திலிருந்து வந்து, பாட்டியைக் குறிக்கும் ‘ஆயா’வோடு உருவத்தில் ஒத்துப்போனது. அண்ணன் மனைவி சென்னையில் அண்ணி, தெற்கே மதினி, கொங்கில் நங்கை அல்லது நங்கையா. மதுரைப் பக்கத்து முஸ்லிம் வீடுகளில் அப்பா ‘அத்தா’, காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரை ஊர்களில் ‘வாப்பா’. இலங்கை முஸ்லிம் குடும்பங்கள் பலவற்றில் ‘அப்பா’ என்றால் தாத்தா. யாழ்ப்பாணத்தார் வழிதான் குழப்பமே இல்லாதது: அம்மம்மா, அம்மப்பா, அப்பம்மா, அப்பப்பா.

பெயர்கள் இப்படிச் சிதறினாலும் அடியில் உள்ள கட்டம் எங்கும் ஒன்றே. அப்பாவின் சகோதரர்கள் அப்பா வரிசை, அம்மாவின் சகோதரிகள் அம்மா வரிசை. அவர்கள் பிள்ளைகள் அண்ணன், அக்கா, தம்பி, தங்கை. அப்பாவின் சகோதரியும் அம்மாவின் சகோதரரும் எதிர் வரிசை. அவர்கள் பிள்ளைகள் முறைக்காரர்கள். அதனால் முதலில் கட்டத்தை வரைந்துகொள்ளுங்கள், பெயரை அதற்குள் எழுதுங்கள். ஒவ்வொரு கட்டத்திலும் இரண்டு இடம் விடுங்கள்: ஒன்று நேரில் அழைக்கும் சொல், மற்றது பிறரிடம் குறிப்பிடும் சொல். ‘மாமனார்’ என்பது குறிப்பிட, ‘மாமா’ என்பது அழைக்க. ஒரே பத்தியில் எழுதினால் பாதி விடை தவறாகிவிடும்.

கேட்கும்போது ‘இவரை நீங்கள் எப்படிக் கூப்பிடுவீர்கள்’ என்று பெரியவரிடம் கேட்காதீர்கள். வீட்டில் குழந்தை இருந்தால் பெரியவர்கள் குழந்தையின் வாயால் பேசத் தொடங்கிவிடுவார்கள். மாமியாரே தன் கணவரை ‘தாத்தா’ என்பார். குழந்தையிடமே கேளுங்கள், அது யாருடைய குழந்தை என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஒரு வருத்தம். நகரத்தில் அங்கிள் என்ற ஒரே சொல் பெரியப்பா, சித்தப்பா, மாமா மூன்றையும் விழுங்கி வருகிறது. பெயர் போனால் போகட்டும் எனலாம், போவது கட்டமும்தான். அதே நகரத்தில் ஆட்டோக்காரர் அண்ணா, பூக்காரர் அக்கா. வீட்டுக்குள் ஆங்கிலம், வீதியில் உறவு என்று தலைகீழாகியிருக்கிறது.


கோவையில் எல்லாச் சொல்லுக்கும் ‘ங்’ போடுகிறார்கள். அத்தனை மரியாதையா?
– வாசகர், திருநெல்வேலி

மரியாதைதான், ஆனால் யாருக்கு என்பதில்தான் சூட்சுமம். ‘அவங்க வந்தாங்க’ என்னும்போது மரியாதை வந்தவருக்கு. ‘நாய் வந்துச்சுங்க’ என்னும்போது மரியாதை நாய்க்கு அல்ல, கேட்டுக்கொண்டிருக்கும் உங்களுக்கு! கொங்கில் இந்த இரண்டாவது ‘ங்க’ மற்ற ஊர்களைவிட அடிக்கடி வருகிறது: இல்லீங்க, ஆமாங்க, ஏனுங்க. அதைக் கேட்டுப் பழகியவருக்கு உங்கள் வெறும் ‘இல்ல’ முகத்தில் அடித்ததுபோல் படும். உங்கள் ஊரில் ‘அண்ணாச்சி’ என்று தொடங்கினாலே அந்த வேலை முடிந்துவிடுகிறது.


டொராண்டோவில் இலங்கைத் தமிழர்களோடு வேலை செய்கிறேன். தமிழ்தான் பேசுகிறோம், ஆனாலும் அடிக்கடி தப்பாகப் புரிகிறது.
– வாசகி, பூர்விகம் திருச்சி

தெரியாத சொல் தொல்லை தராது, கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். இருவருக்கும் தெரிந்த சொல் வேறு பொருளில் வருவதுதான் வம்பு. ‘காணும்’ என்றால் அவர்களுக்குப் போதும். ‘சோறு காணாது’ என்றால் சோறு தொலைந்துவிடவில்லை, போதவில்லை. ‘போன கிழமை’ என்றால் போன வாரம். நாம் கிழமை என்பதைத் திங்கள், செவ்வாய்க்கு மட்டும் வைத்திருக்கிறோம். ‘கதைக்கலாம்’ என்றால் பேசலாம். ‘கதை விடாதே’ என்று பழகிய நம் காதுக்கு அதில் பொய் வாடை அடிக்கும். ‘பெட்டை’ யாழ்ப்பாண வழக்கில் பெண்பிள்ளை, பொடியனுக்கு இணை. தமிழ்நாட்டில் அது விலங்குக்குச் சொல்வது. இதில்தான் மனத்தாங்கலே வருகிறது. ‘நீர்’ என்று ஒருவர் உங்களை அழைத்தால் ராஜா வேஷம் போடுகிறார் என்று நினைக்க வேண்டாம். நீ, நீங்கள் இரண்டுக்கும் நடுவே அவர்களுக்கு ஒரு படி இருக்கிறது.

‘உது’ என்பதைக் கவனியுங்கள். இது என் பக்கம், அது இருவருக்கும் தூரம், உது உங்கள் பக்கம். தொல்காப்பியம் சொல்லும் உகரச் சுட்டு. தமிழ்நாட்டுப் பேச்சு இழந்தது, யாழ்ப்பாணத்தில் தொலைபேசியில்கூட உயிரோடு இருக்கிறது.

எழுத்தும் உங்களைத் தடுமாறச் செய்யும். நாம் டொராண்டோ என்று எழுதும் உங்கள் ஊரை அவர்கள் ‘ரொறன்ரோ’ என்கிறார்கள். விசித்திரமாகத் தெரிந்தாலும் அவர்கள் பக்கம் நியாயம் பலமானது. ஆங்கில ‘ட்’ நாக்கை மடக்கிச் சொல்வதில்லை, மேல்பல்லுக்குப் பின்னால் உள்ள ஈறில் நுனி தொட்டுச் சொல்வது. தமிழ் ‘ற்ற’வின் பழைய ஒலி அதுதான். நம்மூரில் காற்று ‘காத்து’ ஆகி அந்த ஒலி பேச்சிலிருந்து போனது, அவர்களிடம் தங்கியது. அதனால் நமக்குக் கம்ப்யூட்டர், அவர்களுக்குக் ‘கொம்பியூற்றர்’.

வீட்டுக்கு அழைத்தால் காதில் விழும் பல சொற்கள் கப்பலேறி வந்தவை: குசினி (சமையலறை), கதிரை (நாற்காலி), சப்பாத்து (காலணி), பாண் (ரொட்டி) போர்த்துக்கீசியம், கந்தோர் (அலுவலகம்) டச்சு. சிரிக்கும் முன்: சென்னையின் ‘துட்டு’ம் டச்சுக் காசின் பெயர்தான்.


ஒருவர் பேச்சைக் கேட்டுச் சாதியைச் சொல்லிவிட முடியும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், கும்பகோணம்

முன்பு ஓரளவு முடிந்தது; இன்று பலமுறை தவறிப்போகும். ‘ஆத்துல’ என்றால் வீட்டில் என்பது பிராமணர் வழக்கு; ஜலம், தீர்த்தம் என்றவர்கள், தண்ணி என்றவர்கள் என்ற பிரிவும் இருந்தது. ஆனால் சொல்லை எளிதில் மாற்றிக்கொள்ளலாம். பள்ளி, வேலை, தொலைக்காட்சி எல்லாம் சேர்ந்து நகரத்தில் ஒரு பொதுப்பேச்சை உண்டாக்கிவிட்டன. ஒரே ஆள் வீட்டில் ‘ஆத்துல’ என்பார், அலுவலகத்தில் ‘வீட்டுல’ என்பார்.

சொல்லைவிட ஒட்டுகள் பிடிவாதமானவை. ‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பதில் உள்ள கொண்டு எத்தனை வேஷம் போடுகிறது பாருங்கள்: பரவலாக ‘வந்துக்கிட்டிருக்கேன்’, பிராமணர் பேச்சில் ‘வந்துண்டிருக்கேன்’, சென்னையிலும் வடமாவட்டங்களிலும் ‘வந்துகினு’, யாழ்ப்பாணத்தில் ‘வந்துகொண்டிருக்கிறன்’. இந்த ஒட்டு ஊர், சாதி இரண்டையும் சேர்த்துக் காட்டுவதால் ஒன்றை மட்டும் வைத்து முடிவு கட்டினால் ஏமாறுவீர்கள்.

1960-களில் வில்லியம் பிரைட், ஏ.கே. ராமானுஜன் என்ற மொழியியலாளர்கள் பிராமணர் பேச்சையும் மற்றவர் பேச்சையும் ஒப்பிட்டார்கள். ஒரு தரப்பு பழமையைக் காத்தது, மறு தரப்பு கெடுத்தது என்ற எண்ணம் அதில் நிற்கவில்லை. இரண்டுமே மாறியிருந்தன. கடன்சொல் ஏற்பது போன்ற, ஆள் தெரிந்தே செய்யும் மாற்றம் பிராமணர் பேச்சில் மிகுதி; அறியாமலே நிகழும் மாற்றத்துக்கு எந்தத் தரப்பும் விலக்கல்ல.

சென்னைப் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள். கஸ்மாலம் என்பது அழுக்கைக் குறிக்கும் வடசொல். பேஜாரும் நாஸ்தாவும் உருது வழி வந்தவை. பண்டிதர் வாயில் வந்தால் வடமொழிப் புலமை, ரிக்‌ஷாக்காரர் வாயில் வந்தால் கொச்சை. ஆளை எடை போட்டுவிட்டுச் சொல்லின் தலையில் பழியைப் போடுகிறோம்.


‘ட்ரை பண்றேன், கன்ஃபர்ம் ஆயிடுச்சு’. இப்படியே போனால் தமிழ் என்ன ஆகும்?
– வாசகர், சேலம்

உங்கள் எடுத்துக்காட்டிலேயே காலம், இடம் காட்டும் உறுப்புகள் அத்தனையும் தமிழ். ஆங்கில வினை வெறும் பெயராகத்தான் உள்ளே வர முடிகிறது. காலம் காட்டும் வேலையைப் பண்ணு, ஆகு, அடி ஆகியவைதான் செய்கின்றன. ‘ட்ரைகிறேன்’ என்று யாரும் சொல்வதில்லை. இது புதிய வழியும் அல்ல. ‘பூஜை பண்ணு’, ‘வசூல் பண்ணு’, ‘ராஜினாமா செய்’ என்று வடமொழியும் பாரசீகமும் அரபியும் நுழைந்த அதே வாசல்.

உள்ளே வந்த சொல் தமிழ்ச் சட்டத்துக்கும் கட்டுப்படுகிறது. கல் ‘கல்லு’ ஆகிறது, கால் ‘காலு’ ஆகிறது: குறிலுக்குப் பின் மெய் இரட்டிக்கும், நெடிலுக்குப் பின் இரட்டிக்காது. அதே கணக்கில் பஸ் ‘பஸ்ஸு’, கார் ‘காரு’.

கவலைப்பட வேண்டிய இடம் வேறு. ‘ஃபோன் பண்ணு’ என்பதால் நட்டமில்லை. பொருளோடு சொல்லும் வந்தது. ‘வாஷ் பண்ணு’, ‘குக் பண்ணு’ என்று துவை, கழுவு, அலசு, வதக்கு, தாளி, வேகவை எல்லாவற்றையும் இரண்டு சொல்லில் அடைப்பதுதான் நட்டம். பாத்திரத்தைத் துவைக்க மாட்டோம், துணியைத் தாளிக்க மாட்டோம் என்ற நுணுக்கம் அதில் போய்விடுகிறது.


அரசோ இயக்கமோ சொன்னால் மக்கள் பேச்சு மாறுமா?
– வாசகி, விழுப்புரம்

சில சொல் மாறும். நமஸ்காரம் வணக்கமானது, காரியதரிசி செயலாளரானார், அபேட்சகர் வேட்பாளரானார், உபந்நியாசம் சொற்பொழிவானது. மறைமலை அடிகள் 1916-இல் தனித்தமிழைக் கையிலெடுத்தார்; திராவிட இயக்க மேடைகளும் நாளிதழ்களும் அதை ஊர் ஊராகக் கொண்டு போயின. ‘மாற்றுத்திறனாளி’ 2010 வாக்கில் அரசு ஆணையோடு வந்து, பேருந்து இருக்கையில் எழுதப்பட்டு, சில ஆண்டுகளில் பேச்சிலும் ஏறிவிட்டது. பழைய சொல்லில் இருந்த இழிவு உறுத்தியதால் மக்களுக்கே மாற்றும் தேவை இருந்தது.

மிதிவண்டி தோற்றது, காபிக்கு வைத்த ‘குளம்பி’ தோற்றே போனது. பொருளோடு சேர்ந்து வந்து வாயில் ஏறிவிட்ட சொல்லை இறக்குவது கடினம். மேடையில், விண்ணப்பத்தில், செய்தியில் வாழும் சொல்லை மாற்றலாம். அடுப்படியிலும் டீக்கடையிலும் வாழும் சொல் ஆணைக்குக் கட்டுப்படாது. கைபேசி, செல்பேசி, அலைபேசி மூன்றும் தங்களுக்குள் போட்டியிட்டுக்கொண்டிருக்க, மக்கள் ‘ஃபோனு’ என்று முடித்துவிட்டார்கள்.


என் மகளும் தோழிகளும் ஒருவரையொருவர் ‘டா’ என்கிறார்கள். ‘டி’தானே சரி?
– வாசகி, மதுரை

‘டா’ ஆண்பால் அடையாளத்தை மெல்ல இழந்து நெருக்கத்தின் அடையாளம் ஆகிவருகிறது. ‘டி’யில் இன்னும் அதட்டல் வாடை மிச்சம். மச்சான் என்ற உறவுச் சொல் நண்பனுக்கு ‘மச்சி’ ஆனதுபோல. திருத்தினால் உங்கள் முன் மட்டும் நிறுத்துவார்கள்.


84 வயதுப் பாட்டியின் கரிசல்காட்டுப் பேச்சைப் பதிவு செய்ய ஆசை. கைபேசி போதுமா? எப்படித் தொடங்குவது?
– வாசகர், கோவில்பட்டி

கைபேசி போதும், ஆனால் அமைப்பை மாற்றுங்கள். சுருக்கிய வடிவத்தில் பதிந்தால் மெல்லிய ஒலிகள் மழுங்கும்; ள, ழ வேறுபாட்டை ஆராய வருபவர் ஏமாறுவார். ‘வேவ்’ கோப்பு, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், மோனோ. ஒரு நிமிடத்துக்கு ஏறத்தாழ 5 எம்.பி., ஒரு மணிக்கு 300 எம்.பி.க்குச் சற்று மேல். 300 ரூபாய்க்கும் கிடைக்கும் சட்டையில் செருகும் மைக்கே கைபேசி மைக்கைவிட மேல். வாயிலிருந்து ஒரு சாண் தூரம். நேர் எதிரே வைத்தால் ப சொல்லும்போது காற்று மோதும், சற்றே பக்கவாட்டில் வையுங்கள்.

மின்விசிறியை நிறுத்துங்கள். பதிவுகளைக் கெடுப்பதில் முதலிடம் அதற்குத்தான், இரண்டாமிடம் குளிர்பதனப் பெட்டிக்கு. காரை பூசிய வெற்று அறையில் எதிரொலிக்கும்; கட்டிலும் துணியும் உள்ள அறை நல்லது, திண்ணை இன்னும் நல்லது.

பாட்டியிடம் நோக்கத்தைச் சொல்லி அனுமதி கேளுங்கள். அதையும் பதிவிலேயே சொல்ல வையுங்கள். பிறந்த ஊர், வாழ்க்கைப்பட்ட ஊர், அப்பா அம்மாவின் ஊர், படிப்பு, வெளியூரில் இருந்த ஆண்டுகள் எல்லாம் ஒரு தாளில். வாழ்க்கைப்பட்ட ஊர் மிக முக்கியம். அறுபது ஆண்டு புகுந்த வீட்டுப் பேச்சில் இருந்தவரின் சொல்லைப் பிறந்த ஊர்க் கணக்கில் எழுதிவிடுவது அடிக்கடி நடக்கும் பிழை.

‘இதற்கு உங்க ஊர்ல என்ன சொல்வீங்க’ என்று கேட்டால் பெரியவர்கள் நல்ல தமிழ் பேச முயல்வார்கள். கேட்கப்படுகிறோம் என்று தெரிந்தாலே பேச்சு மாறிவிடும். மேலே சொன்ன லபோவ் இதைத்தான் ஆய்வாளரின் தீராத முரண் என்றார். வழி: பொருளைக் கையில் கொடுங்கள். கலப்பையைக் காட்டினால் மேழி, கொழு, ஏர்க்கால், நுகத்தடி என்று வரும். படியையும் உழக்கையும் எடுத்து வைத்தால் ஆழாக்கு இரண்டு ஓர் உழக்கு, உழக்கு இரண்டு ஓர் உரி, உரி இரண்டு ஒரு படி என்று கணக்கே வரும். அந்த ஊர்க் கணக்கு நூலில் உள்ளதிலிருந்து மாறினால் பாட்டி சொன்னதையே எழுதுங்கள். களை எடுத்தது, பருத்தி பறித்தது, கம்மஞ்சோறு ஆக்கியது என்று செய்முறையைக் கேளுங்கள். கூடவே அதே வயதுள்ள பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரை உட்கார வையுங்கள். பாட்டி உங்களை மறந்து அவரோடு பேசத் தொடங்கிய நிமிடத்திலிருந்து வருவதுதான் நீங்கள் தேடுவது. முதல் பத்து நிமிடத்தை எண்ணிக்கையில் சேர்க்காதீர்கள். ஓர் அமர்வு 40 நிமிடத்துக்கு மேல் வேண்டாம், குரல் களைத்துவிடும்.

எழுதியெடுப்பதற்குப் பொறுமை வேண்டும். ஒரு மணிப் பதிவுக்கு ஐந்து முதல் எட்டு மணி நேரம் பிடிக்கும். நெதர்லாந்தின் மாக்ஸ் பிளாங்க் நிறுவனம் தரும் ‘ஈலான்’ மென்பொருள் இலவசம். ஒலியையும் வரியையும் நேரத்தோடு கட்டிவைக்கும். கேட்டபடியே எழுதுங்கள், கீழே எழுத்துத் தமிழில் இன்னொரு வரி. ‘எலை’ என்று வந்ததை ‘இலை’ என்று கை தானாகத் திருத்தும். அந்தக் கைக்குத்தான் காவல் போட வேண்டும்.

சொல் புதிதாகத் தோன்றினால் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியில் தேடிப் பாருங்கள். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்திலும் தேடலாம். வட்டாரச் சொற்களுக்கு அருகே திருநெல்வேலி, நாஞ்சில் நாடு, யாழ்ப்பாணம் என்று குறுக்கக்குறி போட்டிருப்பார்கள். கரிசலுக்கென்றே கி. ராஜநாராயணன் தொகுத்த வழக்குச் சொல்லகராதி இருக்கிறது. இரண்டிலும் இல்லையென்றால் புதுச் சொல் கிடைத்தது என்று துள்ள வேண்டாம். பக்கத்து ஊரில் இன்னும் இரண்டு முதியவர்களிடம் பொருளைக் காட்டிக் கேளுங்கள். பாட்டி வீட்டுக்குள் மட்டும் வழங்கிய செல்லச் சொல்லாகவும் இருக்கலாம். அதையும் எழுதி, எந்த வீட்டுச் சொல் என்று பக்கத்தில் குறித்து வையுங்கள்.